எத்தனாவது வருவ?

கொழும்பில் மரதன் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனாவது வருவ?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் தவணைப் பரீட்சை அறிக்கையை வாசிக்க அப்பாவுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தவணையும், நான் எங்கள் தோட்ட லயத்து வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும் முன்பே, இதைத்தான் கேட்பார். முதலாவது, இரண்டாவது என்று தலையை நிமிர்த்திச் சொல்வேன். பிரதேச செயலகத்தில் வேலை கிடைக்கும் வரைக்கும், அவரிடம் சொல்லக் கூசும் இலக்கம் ஒன்று எனக்கு வாய்த்ததே இல்லை.

இந்த முறை "பாப்போம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். முதல் மூன்றுக்குள் என்று அவர் எடுத்துக்கொண்டார். மறுநாளே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்ப் பீலியில் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்:

"மொதப் பரிசு காராமே? நம்ம ரோட்டுல காரு ஏறாதே, எங்க நிப்பாட்டுவீங்க?"

நான் ஓடத் தொடங்கி எட்டு மாதம்தான். செயலகக் கந்தோரில் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மூன்று பேர் மரதனுக்குப் பெயர் கொடுப்பதைப் பற்றிப் பேசினார்கள். நீயும் வாறியா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அன்று பின்னேரமே நானும் கொடுத்தேன். ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்காவிட்டால் வீதியைத் திறந்து வாகனங்களை விட்டுவிடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. என் வேகத்துக்கு அதுவே இழுபறி. கடிதம் தட்டச்சு செய்யும்போதும் மேசைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டிருந்தது. பழைய கடித உறைகளின் பின்பக்கமெல்லாம் நிமிடத்தையும் கிலோமீட்டரையும் பெருக்கிப் பெருக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே விடைதான் வந்தது. நான் கடைசியில்தான் வருவேன்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது, முப்பது கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டிய ஞாயிறு வந்தது. விடியும்போது தோட்டத்துச் சந்தியில் தொடங்கி நாவுல பஸ் நிலையத்தில் முடிப்பது திட்டம். தண்ணீர்ப் போத்தலும் வாழைப்பழமுமாகப் பின்னால் பஸ்ஸில் வருவதாக அப்பா சொன்னார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வீதியில் ஓடினால் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு ஆட்டோக்கள் எனக்காக நின்றன. "ஏறுங்க மிஸ், அடுத்த ஹோல்ட்ல பஸ்ஸ புடிச்சிரலாம்" என்றார் ஒருவர். கையைக் காட்டிவிட்டு ஓடினேன்.

இருபத்தாறாவது கிலோமீட்டரில் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. வெயிலும் ஏறிவிட்டது. ஒரு மிளகுத் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன். பின்னால் பஸ் ஒன்று பிரேக் போட்டு நின்றது. "நங்கி, நகின்ன, நகின்ன!" என்று கொண்டக்டர் படியில் தொங்கியபடி சிங்களத்தில் ஏறச் சொன்னார். யன்னலோரத்தில் அப்பா இருந்தார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வழி முழுக்க அவர் என்ன சொல்லிக்கொண்டு வந்திருப்பார் என்று அந்த முகங்களிலேயே தெரிந்தது.

"இதா ஓடுற புள்ள?" என்றார் ஓர் அம்மா.

நான் ஏறவில்லை. அப்பா இறங்கினார். பஸ் போய்விட்டது.

"காலுக்கு என்னா?"

"புடிச்சிருச்சி." பிறகு என்னையறியாமல் வந்துவிட்டது. "அப்பா, நான் மொதலாவது எல்லாம் வர மாட்டேன். மூணாவதும் இல்ல. கடைசிலதான் வருவேன்."

அப்பா போத்தலைத் திறந்து நீட்டினார். நான் குடித்து முடிக்கும்வரை வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசின்னா எத்தனாவது?"

"அறுநூறு பேர் ஓடுனா, அறுநூறாவது."

"அறுநூறு பேரா!" அவர் வாயைப் பிளந்தார். "நான் பத்து இருவது பேருன்னுல்ல நெனச்சேன்."

இன்னும் நான்கு கிலோமீட்டர் இருந்தது. காலை உதறிவிட்டு மெதுவாக ஓடத் தொடங்கினேன். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். கொஞ்சத் தூரம் போனதும் என் காலைக் குனிந்து பார்த்தார்.

"நீ இப்ப ஓடுறியா, நடக்குறியா?"

"ஓடுறேன்."

"சரி சரி."

ஏற்றத்தில் அவர் பின்தங்கினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பதை முடித்துவிட்டு, நாவுல பஸ் நிலையத்தில் அவர் வந்து சேரும்வரை இருப்புக்கொள்ளாமல் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழிவரை அவர் கணக்குப் போடுபவர்போல் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்:

"ஏம் புள்ள, ஒரு ஐநூத்தித் தொண்ணூறாவது வர ஏலாதா?"

ஆசனத்துக்குக் கீழே என் கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. பத்துப் பேரை முந்த வேண்டும். அதில் மூன்று பேர் கந்தோரில் எந்த மேசையில் இருப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்.