குழியம்மாவுக்கு இறக்காத விளக்கு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு ராகி கொண்டுவந்து போடும் ராமையா, "எங்க ஊர் களஞ்சியத்த ஒருதரம் பாருங்க சார், பாளையக்காரர் காலத்துது" என்று ஆசை காட்டிக்கொண்டே இருந்தார். நயா பைசா வந்த புதிதில், ஒரு பொங்கல் விடுமுறையில் கிளம்பிவிட்டேன். அல்சூரில் காலை ஏழு மணிக்கு ஹொஸ்கோட்டை பஸ்; எழுபது நயா பைசா. இறங்கி மூன்று மைல் நடை. மாட்டு வண்டி வந்தால் ஏறிக்கொள்ளுங்கள். நான் வீராப்பாக நடந்து செருப்பை அறுத்துக்கொண்டேன்.

களஞ்சியம் ஜன்னலே இல்லாத கல் கட்டடம். உள்ளே போனால் வெறும் தரை! ஏமாந்துபோனேன். ராமையா சிரித்துக்கொண்டே தரையில் ஒரு பலகைக் கல்லைக் காட்டினார். அதன் அடியில் பானை வடிவத்தில் இரண்டு ஆள் ஆழக் குழி, அதில் பாதிவரை ராகி.

ஒரு பஞ்சத்தில், கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து குழிக்குள் ஒளிந்த பெண் அங்கேயே செத்தாளாம். அவள்தான் குழியம்மா. கல்லைத் திறந்ததும் அவளுக்கு விளக்கு இறக்க வேண்டும். அணைந்தால் அம்மா இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்று அர்த்தமாம். குழியைத் திறந்தே போட்டுவிட்டு மறுநாள் வர வேண்டும்.

"விளக்கு எங்கே?" என்றேன்.

"அய்யோ, டவுன்காரங்க முன்னாடி அதெல்லாம் எதுக்கு சார்? சிரிப்பீங்க."

கல்லைப் புரட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தூணில் முடிந்துவிட்டு இறங்கினார். பழைய ராகியை ஒரு பிடி அள்ளிக் காட்டப் போகிறாராம். பாதிப் பேச்சில் குரல் நின்றது. எட்டிப் பார்த்தால், ராகி மேல் குப்புறக் கிடக்கிறார்!

நான் குதிக்கப் போனேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அவர் மனைவி கௌரம்மா, "பேடா, வேண்டாம்! நீங்களும் போயிடுவீங்க!" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இருவரும் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். கை கிழிந்தது. வெளியே வந்த ராமையாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. களத்தில் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்தோம். செத்துவிட்டார் என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்து இருமினார்.

அதற்கப்புறம் கௌரம்மா களஞ்சியத்துக்குள் போய்க் குழியில் விளக்கை இறக்கினார். காற்றே இல்லை. குழியின் கழுத்தைத் தாண்டியதும் பொசுக்கென்று அணைந்தது. திரும்பி வந்து புருஷனைப் பார்த்து அழுதார்: "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. அதுக்காக உசுர விடுவியா?"

அடைத்துவைத்த தானியத்திலிருந்து வரும் கெட்ட காற்று என்று பெங்களூரில் டாக்டர் சொன்னார். இருக்கலாம்.

போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள்; கடைசி பஸ் ஐந்தரைக்கு. அங்கே விளக்கு இறக்கும்போது சிரிக்காதீர்கள். சிரிப்பீர்களோ என்று அவர்கள் நினைக்கும்படியான முகத்தோடும் போய் நிற்காதீர்கள்.