அவருக்கு ஓர் இலை

ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட என் கணவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காஜா பெராங்கில், முன்னொரு காலத்தில் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே கலந்துபோன செட்டிகள் வாழும் கம்பத்துக் குடியிருப்பில், பலகாரம் விற்கும் ஓர் அக்கா மாவிடிக்க ஆள் வேண்டும் என்று என்னை வீட்டோடு வைத்துக்கொண்டாள்.

அவர்கள் நெற்றியில் திருநீறு. கும்பிடுவது மாரியம்மனை. பேசுவது மட்டும் மலாய், உடுத்துவது சாரோங். இதென்ன இரண்டுங்கெட்டான் கூட்டம் என்று முதலில் உள்ளுக்குள் சிரித்தேன். இருந்த சேலை கிழிந்ததும் நானும் சாரோங் கட்டினேன். மிளகாய் அரைத்த சம்பால் இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை. சந்தையில் என்னை அக்காவின் சொந்தத் தங்கை என்றே நினைத்தார்கள். அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவர் திரும்பி வந்தால் என்னை அடையாளம் தெரியுமா என்று பயமாகவும் இருந்தது.

போகியன்று செட்டிகள் வீட்டில் இறந்தவர்களுக்கு வரிசையாக இலை போட்டுப் படைத்து, சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். அக்கா கடைசியில் இன்னோர் இலையை விரித்து, இது உன் வீட்டுக்காரருக்கு என்று மலாயில் சொன்னாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவரு உசுரோட இருக்காரு. எடுத்துருங்க."

தமிழ் அவளுக்குப் புரியாது. என் முகம் புரிந்திருக்கும், இலையை மடித்தாள். உங்கள் துணியைக் கட்டுகிறேன், உங்கள் சோற்றைத் தின்கிறேன், என் புருஷனையும் உங்கள் செத்தவர்களோடு சேர்க்க வேண்டுமா என்று அன்று முழுவதும் பொருமினேன்.

அடுத்த போகிக்குள் சயாமிலிருந்து தப்பி வந்த தோட்டத்து ஆள் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வாந்திபேதியில் போன என் கணவரைத் தானே தூக்கிப்போய் எரித்ததாகச் சொன்னார்.

அந்தப் போகிக்கு நானே ஓர் இலை அறுத்து வந்து கடைசியில் போட்டேன். அக்கா தன்னவர்களை மலாயில் கூப்பிட்டு முடித்து, என்னைப் பார்த்தாள். என் கணவருக்கு மலாய் வராது. கடைக்குப் போனால்கூட நான்தான் பேச வேண்டும்.

"வாங்க, சாப்பிடுங்க," என்றேன் மெல்ல. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வராத தமிழில் அதையே உரக்கச் சொன்னாள்.

வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். அத்தனை பேர் நடுவில் ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் அவர் உட்கார்ந்திருப்பாரே என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.