கோலத்தில் விட்ட வழி

ஒன்பது வயதில் நான் ஒரு வரைபடம் வரைந்தேன். வீட்டில் எல்லாரும் மெச்சினார்கள். இன்றைக்கு அந்தத் தாள் கையில் கிடைத்தால் சுக்குநூறாகக் கிழித்துவிடுவேன்.

பினாங்கில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. டத்தோ கிராமட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. நான் படித்த பெண்கள் பள்ளியோ கடலோரத்தில். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் தங்கியிருந்தார். நகரசபையில் வரைபடங்களைப் படியெடுக்கும் வேலை அவருக்கு. காலையில் சைக்கிளின் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்து, பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

ஒரு நாள் டிராம் தண்டவாளத்தின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. இருவரும் நடுச்சாலையில் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, மாமாவுக்குத் தாடையில் தையல். பத்திரமான பாதை ஒன்றைக் காட்டாவிட்டால் பிள்ளை இனிச் சைக்கிளில் ஏறக்கூடாது என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அன்று மாலையே மாமா தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். தெருக்கள் நீல மையில், எங்கள் பாதை சிவப்பு மையில். தண்டவாளத்தை ஒரே ஒரு இடத்தில், அதுவும் நேர்குறுக்காகக் கடக்கும் பாதை. அப்பாவுக்கு வரைபடம் புரிந்ததோ இல்லையோ, அந்தச் சிவப்புக் கோடு பிடித்துவிட்டது.

கோடு குயின் தெரு வழியாகப் போனது. அங்கே டிராம் கிடையாது. ஆனால் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் மாமா இறங்கிவிடுவார். கடைவீடுகளின் முன்னால் கூரைக்கு அடியில் நீண்டு போகும் அஞ்சடி நடைபாதையில், என்னைக் கம்பியில் வைத்தபடியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். அங்கே மணி அடிக்க மாட்டார்.

"அஞ்சடி நடக்கிறவங்களுக்கு உள்ளது பாப்பா. நாமதான் ஒதுங்கிப் போவணும்," என்பார். பாசாரிலிருந்து காய்கறிக் கூடையோடு வரும் சீனப் பாட்டிக்குக்கூட ஒதுங்கி நின்று தலையசைப்பார்.

அந்த வரிசையில் ஒரு தையற்காரர் வீடு இருந்தது. அவருடைய மகள், நான் அக்கா என்று அழைக்கும் வயதினர், காலையில் அஞ்சடியின் அகலம் முழுக்கக் கோலம் போட்டுவைப்பார். கோலத்தின் மேல் சக்கரம் உருட்ட மாமாவுக்கு மனம் வராது. என்னையும் சேர்த்துச் சைக்கிளைத் தூக்கி, இழை மிதிபடாமல் காலை ஓரமாக வைத்துத் தாண்டுவார். மாமா ஒல்லி. நானோ அப்படி ஒன்றும் ஒல்லியில்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு மூச்சு இரைக்கும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கோலத்தின் நடுவே ஒரு வழி இருந்தது. ஒரு சாண் அகலத்துக்கு வெறுந்தரை. அதன் இரண்டு பக்கமும் இழைகள் வளைந்து திரும்பியிருந்தன. மாமா சக்கரத்தை அதற்குள் விட்டு மெல்ல உருட்டினார். மாவு கொஞ்சமும் கலையவில்லை. மாவுக்கிண்ணத்தோடு கதவோரம் நின்றிருந்த அக்கா, "பாப்பா பள்ளிக்கா போவுது?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் மாமா, "ஆமா, பள்ளிக்குத்தான்," என்றார்.

தினமும் அதே கேள்வி, அதே பதில். வேறு ஒரு வார்த்தை அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. என் படிப்பில் அந்த அக்காவுக்கு இத்தனை அக்கறையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாசலுக்கு வந்ததும் மாமா குனிந்து, சங்கிலி கழன்றிருக்கிறதா என்று பார்ப்பார். அது ஒரு நாளும் கழன்றதில்லை. பிறகு பள்ளி வரைக்கும் சீட்டியடித்தபடியே மிதிப்பார்.

இதனால் பள்ளிக்குத் தாமதமாகப் போனது நான்தான். டீச்சர் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார். மூன்றாம் முறை நின்ற அன்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமாவிடமே ஒரு தாள் வாங்கி, தெரிந்த சந்துகளையெல்லாம் கோத்து நானே ஒரு பாதை போட்டேன். தண்டவாளத்தை அதுவும் ஒரே இடத்தில், நேர்குறுக்காகத்தான் கடந்தது. மாட்டுவண்டி கிடையாது, கூட்டம் கிடையாது, எங்கேயும் இறங்க வேண்டாம். குயின் தெருப் பக்கமே அது போகவில்லை.

அப்பா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "என்னப்பா, உன் மருமவ உன்னையே மிஞ்சிட்டாளே. எதுக்கு இத்தனை நாளா இந்தச் சுத்து?"

"அந்தப் பக்கம் பாதுகாப்பா இருந்துச்சு அத்தான்."

"இது அதைவிட நல்லாருக்குலா."

மாமா என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். அந்தச் சந்தில் நாய் துரத்தும் என்றாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வடக்கைத் தப்பாகக் குறித்திருந்ததை மட்டும் திருத்திவிட்டு, "சரியாத்தான் இருக்கு," என்றார்.

மறுநாளிலிருந்து என் பாதையில் போனோம். மணியடிப்பதற்கு முன்பே பள்ளியில் இருந்தேன். மாமா இறங்கவும் இல்லை, சீட்டியடிக்கவும் இல்லை. அந்தச் சீட்டியை இன்னொரு முறை கேட்க இந்த வயதிலும் ஏங்குகிறேன். என்னை இறக்கிவிட்டுவிட்டு அவர் மட்டும் குயின் தெருவுக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முன்கம்பியில் பிள்ளை இருந்தால் அவர் பள்ளிக்குப் போகிறவர். தனியாக அந்த வாசலில் குனிந்து சங்கிலி பார்த்தால் தெரு சும்மா இருக்குமா? அவமானம் மாமாவோடு நிற்காது, அந்த வீட்டுக்குள்ளும் போகும். அதற்கு அவர் துணியவில்லை.

பாதை மாறிய பிறகும் ஞாயிறு காலைகளில் நானும் அம்மாவும் கோயிலுக்குக் குயின் தெரு வழியாக நடந்து போவோம். அந்த அக்காவின் கோலத்தைப் பார்ப்பேன், எனக்குள் சிரித்துக்கொள்வேன், வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடுவேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய்வந்த மறுநாள், மதியச் சாப்பாட்டின்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

"அந்தத் தையக்காரர் வீட்டு அக்காவுக்கு முழுசாக் கோலம் போடவே தெரியாதும்மா. எப்பப் பாத்தாலும் நடுவுல வழி விட்டிருப்பாங்க. இந்த வாரந்தான் முழுசா இருந்துச்சு."

"அது அவங்கம்மா போட்டதுடி," என்றாள் அம்மா, ரசம் ஊற்றிக்கொண்டே. "அந்தப் பொண்ணத்தான் பொங்கல் கழிச்சு அக்கரையில நிபோங் திபாலுக்குக் கட்டிக் குடுத்துட்டாங்களே."

மாமாவின் கை சோற்றிலேயே நின்றது.

"அந்த வழிய நீ எப்பப் பாத்தே?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். ரெண்டு மாசமா."

"எவ்ளோ அகலம் இருக்கும்?" என்று கேட்டார் மாமா.

நான் சாப்பிடாத கையைத் தூக்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் முடிந்த மட்டும் விரித்துக் காட்டினேன். அளவு சொன்னால் சரியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். பாராட்டப் போகிறார் என்று விரல்களை மடக்காமல் காத்திருந்தேன். மாமா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார்.