தாமரைக் கதவு

புங்குடுதீவில் பாழடைந்து கிடந்த எங்கள் வீட்டைக் கனடா மாமா வந்து பழையபடி கட்டப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அப்போது பதினொரு வயது. மாமாவின் பிள்ளைகள் கனடாவிலேயே பிறந்தவர்கள். ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது, "இதுதான் நாங்கள் விட்டு வெளிக்கிட்ட வீடு" என்று அவர்களுக்குக் காட்டவேண்டுமாம். அதனால் எல்லாமே முன்பிருந்தபடி அச்சொட்டாக இருக்கவேண்டும். சீமெந்து என்ற சொல்லைக் கேட்டாலே மாமாவுக்கு மூக்குச் சிவக்கும், சுண்ணாம்புதான். ஓடுகூட எங்கெங்கோ அலைந்து பழசாகவே வாங்கிவந்தார்.

கிடைக்காதது முன்கதவு மட்டும். யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்து வெறுமையாகக் கிடந்த காலத்தில் கதவு, யன்னல் எல்லாம் கால் முளைத்துப் போய்விட்டன. மாமாவின் சேட்டுப் பொக்கற்றில் எப்போதும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். அதில் அரைக் காற்சட்டையோடு மாமா. பின்னால் இரட்டைக் கதவு, பலகைக்கொரு செதுக்கிய தாமரை. இடப்பக்கத் தாமரையில் ஓர் இதழ் இல்லை. மாமா பந்தடித்து உடைத்தது. "அந்தக் கதவு மட்டும் கிடைச்சால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்று சாப்பிடும்போதும் சொல்லுவார்.

துப்பறியும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் வீட்டுக் கதவுகளை எல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் தாமரை இல்லை.

ஒருநாள் மத்தியானம் மாமாவோடு சுண்ணாம்பு எடுக்கப் போன வழியில் தண்ணீர் விடாய். ஒரு சின்ன வீட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம். மாமா வேப்பமரத்தடியில் நிற்க, நான் உள்ளே போனேன்.

"இரு பிள்ளை, வாறன். ஆடு உள்ளட்டுப்போடும், கதவைச் சாத்து" என்றபடி அந்த வீட்டு அன்ரி தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனார்.

சாத்தினேன். மூக்குக்கு நேரே தாமரை!

"மாமா! ஓடியாங்கோ! எங்கட கதவு! இவை முன்பின் மாறிப் பூட்டியிருக்கினம், பூ உள்ளுக்கு நிக்குது!"

மாமா ஓடிவந்தார். அன்ரியும் செம்போடு வந்து, நடுவீட்டில் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, நாங்கள் திரும்பி வரேக்கை இஞ்ச ஒண்டும் மிஞ்சேல்லை. எனக்கு ரெண்டும் குமர்ப்பிள்ளையள். கதவில்லாமல் எப்பிடித் தம்பி..."

மாமாவின் விரல், உடைந்த இதழின் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. எனக்கோ துள்ளவேண்டும் போலிருந்தது.

"இல்லைப் பிள்ளை. எங்கட கதவில தாமரை இல்லை. வெறும் பலகை" என்றார்.

"படத்தில இருக்கே மாமா! எடுத்துப் பாருங்கோ!"

மாமா பொக்கற்றைக் கையால் பொத்திக்கொண்டார். "அது வேற வீடு. தண்ணியைத் தாங்கோ அக்கா."

கனடாக் குளிரில் மாமாவின் ஞாபகம் உறைந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்தநாள் தச்சர் வந்து, "பூ ஏதும் வெட்டுவமோ அண்ணை?" என்று கேட்டார். "வேண்டாம், வெறும் பலகை. பழையபடி" என்றார் மாமா. ஓகஸ்டில் மச்சாள் அந்தப் புதுக் கதவடியில் நின்று படமெடுத்துக்கொண்டு, "இது ஒறிஜினலோ அப்பா?" என்றாள். "ஓம்" என்றார், கூசாமல். இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வீட்டில் முகப்பிலேயே ஒரு பிழை! இரண்டு நாள் நான் மாமாவோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகொரு நாள் அந்த வீட்டடியால் சைக்கிளில் போனேன். கதவைக் கழற்றித் திருப்பிப் பூட்டியிருந்தார்கள். எண்ணெய் பூசிய தாமரை இரண்டும் தெருவைப் பார்த்து மினுங்கின. ஒருமாதிரி அவர்களுக்குத் தங்கள் பிழை விளங்கிவிட்டதே என்று எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. கண்டுபிடித்துச் சொன்னது நானல்லவா!