பன்னண்டாங்கட்டை

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் கடையொன்றில் சுருட்டி வைத்திருந்த ரப்பர் விரிப்பின் வாடை மூக்கில் ஏறியதும், ரப்பர்ப் பாலின் புளித்த நாற்றமும் செம்மண் சேறும் லாரிச் சத்தமுமாக கம்பம் என்று நாங்கள் சொன்ன எங்கள் பழைய கிராமம் திரும்பி வந்தது. அங்கே யாரும் ஊரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சாலையோர மைல்கல்தான் ஊர், பதினோராங்கட்டையில் சந்தை, பன்னண்டாங்கட்டையில் நாங்கள், அதைத் தாண்டினால் சித்தப்பா வீடு. பிறகு அந்தக் கற்களைப் பிடுங்கி, எங்கள் வீட்டு மண்ணிலேயே அடுக்குமாடி எழுப்பி, ஈசூன் என்றார்கள். நாங்களும் அதிலேயே குடியேறினோம்.

கூட வந்த அப்பா டாக்சியில் ஏறி, “பன்னண்டாங்கட்டைக்கு விடுப்பா” என்றார்.

“அது எங்க அங்கிள்? தெரியாது லா” என்றார் ஓட்டுநர்.

ஈசூன் என்று நான் எரிச்சலோடு சொன்னேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயே வண்டி நின்றும் அப்பா இறங்கவில்லை.

“நம்ம கட்டை இன்னும் வரலயே.”