பஞ்சர் கடையில் ஒரு வாசகப் பலகை

டயர் கடை வைத்திருக்கும் புத்தகப் பிரியனுக்கு மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு: வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருக்கும்வரை கேட்பவர் எங்கேயும் ஓட முடியாது.

என் கடை கோலா சிலாங்கூர் போகிற சாலையில், புக்கிட் பெலிம்பிங் பக்கம் இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றுகிற லோரிகள்தான் எனக்கு முக்கால்வாசி வாடிக்கை. சக்கரம் கழற்றாத நேரமெல்லாம் படிப்புதான். படித்தால் மட்டும் போதுமா? படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வியாதி உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் என் மனைவி செல்வி "போதும், குழம்பு தீயுது" என்று எழுந்து போக ஆரம்பித்த பிறகு, கடை வாசலில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினேன். காலையில் கடை திறந்ததும், படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்திலிருந்து எனக்குப் பிடித்த ஒரு வரியை எழுதுவேன். அதன் கீழே 'இப்போது படிப்பது' என்று போட்டு, புத்தகத்தின் பெயர். பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி. வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். உங்களில் யாராவது இப்படி எதையாவது ஆரம்பித்திருந்தால் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடுங்கள்.

முதல் வாசகர்

பலகை மாட்டிய அன்றைக்கு மழைத் தூறல். பின்சக்கரம் பஞ்சராகி வந்த ஒரு லோரி டிரைவர் இறங்கி, நேராகப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். நான் டயரைக் கழற்றினேன், அவர் நகரவில்லை. டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டையைத் தேடினேன், அப்போதும் நகரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டிருந்தார். இந்தச் சாலையில் இப்படி ஒரு ரசிகரா? கையைத் துடைத்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் போய், "எப்படிண்ணே இருக்கு?" என்றேன்.

அவர் பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் டயர் சைசுக்கு என்ன விலைன்னு எங்க போட்டிருக்கீங்க?"

நான்கு டயரில் ஒரு நாவல்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறார். எந்த இலக்கியக் கூட்டம் என்றாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. ஒருநாள் மத்தியானம் அவசரமாகக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சாயங்காலம் கோலா குபு பாருவில் நூல் அறிமுகம், அவர்தான் பேச வேண்டும். பேசவேண்டிய நாவலின் பெயர் என் பலகையில் இருந்தது. "தம்பி, நாலு டயரையும் மாத்திடுங்க. அப்படியே கதையையும் சொல்லிடுங்க" என்றார்.

சொன்னேன். முதல் டயரில் கதாநாயகியின் அப்பா தோட்ட வேலையை விடுகிறார். இரண்டாவதில் குடும்பம் ராவாங்குக்கு வருகிறது. மூன்றாவதில் அவளுக்குத் தொழிற்சாலையில் வேலை, கூடவே ஒரு காதல். நான்காவதில் காதலன் காணாமல் போகிறான். மிச்சத்தை அலைன்மென்ட் பார்க்கும்போது சொல்லலாம் என்று இருந்தேன். "அலைன்மென்ட் வேணாம், நேரமாச்சு" என்று சார் கிளம்பிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு நானும் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சார் அருமையாகப் பேசினார். இரண்டாவது தடவை படித்தபோதுதான் இந்த நாவலின் ஆழம் புரிந்தது என்றார். கடைசிக் காட்சியில் காதலன் திரும்பி வந்து, இருவரும் கோயில் வாசலில் மாலையோடு நிற்பதைப் படித்துத் தான் கண் கலங்கியதாகச் சொன்னார். நாவலில் அவன் திரும்பி வருவதே இல்லை. கோயிலும் இல்லை. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மூக்கை உறிஞ்சினார். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. எனக்கே ஒரு கணம் அந்த முடிவு நன்றாக இருப்பதாகத் தோன்றியது.

வெளியே வரும்போது சார் என் தோளில் கை போட்டு, சுற்றி நின்றவர்கள் காதில் விழும்படி சொன்னார்: "தம்பி, இந்த மாதிரி நல்ல நாவலையெல்லாம் நீங்க தேடிப் பிடிச்சுப் படிக்கணும். டயரோடயே கிடந்தா எப்படி?"

ஸ்டேப்ளர்

கமலா அக்கா கோயிலில் மகளிர் பிரிவைக் கவனிப்பவர். காருக்குக் காற்று அடிக்க வந்தபோது அலமாரியிலிருந்து ஒரு குடும்ப நாவலை எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது புத்தகம் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. திறந்து பார்த்தேன். நடுவில் அங்கங்கே பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருந்தார். "நாலு பொம்பளப் பிள்ளைங்க வந்து போற கடை. அந்தப் பக்கமெல்லாம் வேணாம்" என்றார். நான் படித்தபோது அந்தப் பக்கங்களில் புருஷனும் பெண்டாட்டியும் கை கோத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்குமுன் அந்த நாவலை யாரும் தொட்டதில்லை. ஸ்டேப்ளர் அடித்த செய்தி எப்படியோ பரவியது. அதன் பிறகு அது அலமாரியில் தங்கவே இல்லை. செம்பனை மில்லில் வேலை செய்கிறவர்கள், புக்கிட் செந்தோசாவிலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள், தமிழ்ப் புத்தகத்தைத் தொட்டே பல வருஷம் ஆனவர்கள் எல்லாரும் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் இன்னும் சில கம்பிகள் பிரிந்திருக்கும். வாங்கிப் போனவர்கள் முகத்தில் மட்டும் ஏமாற்றம் தெரியும். மழையைத் தவிர ஒன்றும் இல்லையே! நானும் ஓர் எழுத்தாளரை இவ்வளவு பிரபலமாக்கப் பலகையில் எத்தனையோ வரி எழுதிப் பார்த்திருக்கிறேன். நடக்கவில்லை.

போன மாதம் கமலா அக்கா மறுபடியும் வந்தார். அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, அதே எழுத்தாளர் வேற ஏதும் எழுதியிருக்காரா? ஸ்டேப்ளர் என் பேக்குலயே இருக்கு."

இந்த மாதம் படித்தவை

ராவாங்கில் ஏதோ ஆபீசில் வேலை செய்கிற ஒரு பெண், தன் சின்னக் காருக்கு டயர் மாற்ற வந்தாள். அலமாரியைப் பார்த்ததும் "அண்ணே, செம வைப் லா!" என்றாள். நான் பூரித்துப் போனேன். மாதா மாதம் தான் படித்த புத்தகங்களைப் படம் எடுத்து இணையத்தில் போடுவாளாம். ஆயிரக்கணக்கில் ஆட்கள் பார்ப்பார்களாம். எனக்கு அந்தத் தங்கச்சியிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. எந்த நாவலில் எந்த அத்தியாயம் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போல்ட்டை முறுக்கினேன். முறுக்கி முடித்து நிமிர்ந்தால், புத்தகங்களை அட்டை நிறம் பார்த்து அடுக்கி, பக்கத்தில் ஒரு கோப்பிக் குவளையும் வைத்திருந்தாள். குவளை என்னுடையது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்: "அண்ணே, இதுல நான் படிச்ச மாதிரி தெரியுற புக்கு எது?"

அண்ணனும் தம்பியும்

கோபால் அண்ணனும் அவர் தம்பி குணாவும் ஆளுக்கொரு லோரி ஓட்டுகிறவர்கள். கோபால் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் குணாவின் பெயர் தாய்மாமன்களுக்குக் கீழே வந்துவிட்டது. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அவர்கள் அம்மா கோபால் அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி எனக்கும் தெரியும். ஆனால் சத்தியமாக, அன்று காலை பலகையில் எழுதும்போது அது என் நினைப்பில் இல்லை. பேசாமல் இருப்பதற்கு அந்நியர்களைவிடக் கூடப்பிறந்தவர்கள்தான் அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி. நாவலில் பிடித்திருந்தது, எழுதினேன்.

கோபால் அண்ணன் முன்டயர் மாற்ற வந்தார். பலகையைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. "யாருப்பா உனக்குச் சொன்னது? அவன் வந்து புலம்புனானா?"

"அண்ணே, இது புத்தகத்துல வந்தது."

"புத்தகத்துல எப்படிப்பா என் வீடு வரும்?"

இந்த நேரம் பார்த்துக் குணாவின் லோரி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி உள்ளே நுழைந்தது. வேறு நாளாக இருந்தால் அண்ணன் லோரியைப் பார்த்ததும் நிற்காமல் நேராகப் போயிருப்பான். டயர் அடியோடு தட்டையாகிவிட்டதால் வழியில்லை. இறங்கினான், படித்தான், என்னிடம் வந்தான். "அண்ணே, அவரு சொல்லி எழுதுனீங்களா?"

"நான் ஏன் சொல்றேன்? கேளு அவன!" என்று கோபால் அண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினார். இருவருக்கும் நடுவில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லல!" என்றான் குணா.

"அப்ப அம்மா சொன்னாங்களா? அவங்களே முட்டி வலியில எழுந்திரிக்க முடியாம கிடக்கறாங்க."

குணா சட்டென்று என்னை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினான். "முட்டி வலியா? எப்பலேர்ந்து?"

"போன வாரம் பூரா. உனக்கென்ன தெரியும்?"

"எப்படித் தெரியும்? போன வாரம் பூரா உன் லோரி ரிப்பேர்னு வீட்டு வாசல்லயே நின்னுச்சு. லோரி நின்னா நான் எப்படி உள்ள வர்றது?"

கோபால் அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. தான் மில்லுக்குப் போன பிறகு இத்தனை நாளும் தம்பி வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவர் காது சிவந்தது. பிறகு, "லோரி நின்னா என்ன? கதவ அடைச்சா வச்சிருக்கேன்?" என்றார். குணா தரையைப் பார்த்தான். இதோ, ஒரு வரி செய்த வேலை என்று நினைத்தேன். வரியை எழுதிய ஆசிரியரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

அவ்வளவுதான், இருவரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். அண்ணன் ஒரு துணியை எடுத்துப் பலகையின் மேல் பாதியை அழித்தார். தம்பி கையாலேயே கீழ்ப் பாதியை அழித்தான். புத்தகத்தின் பெயரும் போய்விட்டது. அண்ணன் லோரி தயாரானதும், குணா தன் லோரியை என்னிடம் விட்டுவிட்டு அதில் ஏறினான். அம்மாவைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. போகும்போது குணா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அண்ணன் சார்பிலும் சேர்த்துச் சொன்னான்: "அண்ணே, எங்க வீட்டு விஷயத்த இனிமே பலகையில எழுதாதீங்க. எங்களுக்கே பேசிக்கத் தெரியும்."

அறிவிப்பு

இது செல்வி காதுக்குப் போனது. "ஒழுங்கா டயர் சம்பந்தமா எழுதுங்க" என்றாள். சரியென்று இலக்கியத்தை நிறுத்தினேன். காற்றே பார்க்காமல் ஈப்போ வரை ஓட்டிவிட்டு வந்து என்மேல் பழி போட்ட ஒரு வாடிக்கையாளரை மனதில் வைத்து எழுதினேன்: 'காற்று இறங்குவது வெளியே தெரியாது. தூரம் போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.'

வருகிறவர்கள் நின்று படம் எடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். ஸ்பேர் டயர் வாங்க வந்த ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓரமாகப் போய்ப் புருஷனுக்கு போன் போட்டார். சில நாளில் அந்த வரி சூரிய உதயத்தோடும் தாமரையோடும் வாட்ஸ்அப் புலனக் குழுக்களில் சுற்ற ஆரம்பித்தது. கீழே தாடி வைத்த யாரோ ஒரு மகானின் படம். புக்கிட் செந்தோசாவில் இருக்கும் செல்வியின் தங்கை அதை அவளுக்கு அனுப்பியிருந்தாள். செல்வி சமையலை நிறுத்திவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"எவ்வளவு ஆழமா இருக்கு பாருங்க," என்றாள். "நீங்களும்தான் இத்தன வருஷமா எழுதிக்கிட்டு இருக்கீங்க."

ஆகவே புத்தகப் பிரியர்களே, நம் தொழிலில் வாசகர்களுக்குப் பஞ்சமே இல்லை. நாம் படிக்கச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் கவனமாகப் படிக்கிறார்கள்.