முதல்ல இவளப் பாருங்க

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் அக்கா நடந்து போனால், குடித்துவிட்டு வருகிறவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். இரண்டு வருஷமாகக் கால் தள்ளாடியது. பேச்சும் கொஞ்சம் குழறத் தொடங்கியிருந்தது. நரம்புகளை மெல்ல மெல்லக் கெடுக்கும் பரம்பரை நோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, இதயத்தை ஸ்கேன் எடுக்க ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். காலில் வந்த நோய்க்கு நெஞ்சை எதற்குப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. அக்கா மட்டும் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கூடப் பிறந்தவர்களுக்கும் அது வரலாம் என்பதையும் அப்போதே கேட்டிருக்கிறாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டு காலில் நிற்கவே சிரமப்பட்டவள், ஸ்கேனுக்கு என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று அன்று காலை ஒற்றைக் காலில் நின்றாள்.

"அவ இன்னாத்துக்கு? ஸ்கூல் கீது" என்றாள் அம்மா.

"அவ வரலன்னா நானும் வரல."

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்கச் சொன்னபோதும் அவள் அசையவில்லை. "முதல்ல இவளப் பாருங்க டாக்டர். அப்புறம்தான் நான் படுப்பேன்."

டாக்டர் கன்னடக்காரர். சிரித்துக்கொண்டே தரையிலிருந்த கோட்டைக் காட்டி, "இது மேல நடி, மரி" என்றார். கன்னடத்தில் 'நடி' என்றால் நட, 'மரி' என்றால் குட்டி. எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அதைத் தமிழாக எடுத்துக்கொண்டு நடித்தேன். கால்களை அகட்டி, கைகளை விரித்து, அக்காவைப் போலவே தள்ளாடினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை.

"ஒயுங்கா நடடி!"

அழுதுகொண்டே நேராக நடந்தேன். டாக்டர் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் எகிறி அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் பட்டது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இவளுக்கு இப்போ நோய் அறிகுறி ஒண்ணும் தெரியல. வருஷத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டு வாங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பா நீட்டிய கையையும் தள்ளிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

அவள் இதயத்தின் சுவர் தடித்துப் போயிருந்தது. காலைக் கெடுத்த நோய்தான் அதையும் பிடித்திருக்கிறது, மாத்திரையை விடக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது என்றார் டாக்டர்.

"எஸ்.எஸ்.எல்.சி எழுதலாமா?" என்று மட்டும் அக்கா கேட்டாள்.

"கீழ ரூம் குடுக்கச் சொல்லி லெட்டர் தர்றேன்."

அந்த லெட்டரை அவளே ஸ்கூலுக்குக் கொண்டுபோனாள். எழுதினாள், பாஸும் ஆனாள். பிறகு வீல் சேரில் உட்கார்ந்தபடியே எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். இருபத்தெட்டாவது வயதில் அவள் இதயம் நின்றது.

ஸ்கேன் எடுத்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, முதுகில் வாங்கிய அடிக்காக நான் அவளோடு பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். தன் இதயத்தைப் பற்றி அன்றுதான் தெரிந்துகொண்டவள், வழியெல்லாம் எதற்காக அப்படிச் சிரித்த முகமாக வந்தாள் என்று எனக்குப் புரியவில்லை.